சமையலறைச் சுவரில் ஒரு குடும்பப் பலகை: பழைய டேப்லெட்டை வைத்து நீங்களே செய்யலாம்

வீட்டில் அப்பாவோ அம்மாவோ வெப் டெவலப்பர் என்றால், குடும்ப வேலைகளுக்கென்று ஒரு செயலி எழுதிவிடலாம் என்ற ஆசை ஒரு நாள் வந்தே தீரும். லாகின், அறிவிப்பு, தரவுத்தளம் என்று ஆர்வமாகத் தொடங்கி, பிள்ளைகளின் தேர்வு வாரம் வந்ததும் கிடப்பில் போய்விடும் வேலை அது. இங்கே சொல்வது அதைவிடச் சிறியது. பழைய டேப்லெட் ஒன்றைச் சுவரில் மாட்டி, இன்று யாருக்கு என்ன, நாளைக்கு எதை எடுத்து வைக்க வேண்டும், பிற்பகலில் மழை உண்டா என்று காட்டும் ஒரே பக்கம். பலகை காட்ட மட்டும்தான். சேர்ப்பது, மாற்றுவது எல்லாம் வீட்டார் ஏற்கெனவே பழகிய கைப்பேசி நாள்காட்டியிலேயே நடக்கட்டும். பலகையில் எழுதும் வசதியைச் சேர்த்த அன்றே வேலை மூன்று மடங்காகும். அதைப் பயன்படுத்தப் போவதும் நீங்கள் ஒருவர்தான்.

எச்டிஎம்எல், ஜாவாஸ்கிரிப்ட் ஓரளவு தெரிந்தால் போதும். பிள்ளைகள் தூங்கிய பிறகு ஒன்றரை மணி நேரம் என்று வைத்தால், நான்கைந்து இரவுகளில் முடியும். ஒவ்வோர் இரவும் ஏதாவது ஒரு பகுதி வேலை செய்கிற நிலையில் நிறுத்துங்கள். பாதியில் விட்ட நிரலை மறுவாரம் திறந்தால் எங்கே விட்டோம் என்று தேடுவதிலேயே பொழுது போய்விடும்.

முதல் வாரம் தாள் மட்டும்

குளிர்பெட்டிக் கதவில் ஓர் ஏ4 தாளை ஒட்டி, வாரத்தின் ஏழு நாளையும் கோடு போட்டுப் பிரியுங்கள். அந்த வாரம் வீட்டில் யாராவது “இன்னைக்கு என்ன?” என்று கேட்கும் ஒவ்வொன்றையும் அதில் எழுதுங்கள். கோலாலம்பூர்த் தமிழ்க் குடும்பத்தின் தாளில் பெரும்பாலும் வருபவை: பி.ஜே. (உடற்கல்வி) உடை நாள், சீருடை இயக்க உடை, பள்ளி முடிந்து புறப்பாட நடவடிக்கை உள்ள நாளில் வேன் எத்தனை மணிக்கு, டியூஷன், தேவார வகுப்பு, பாட்டியின் கிளினிக் தவணை, குப்பை லாரி வரும் நாள், மறுசுழற்சிப் பொருள் எடுக்கும் நாள், ரோட் டேக்ஸ் முடியும் தேதி, தண்ணீர்த் தடை அறிவிப்பு.

வாரக் கடைசியில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காதவற்றை அடித்துவிடுங்கள். அலுவலகக் கூட்டங்கள் அநேகமாக அடிபடும். அவை உங்கள் கைப்பேசியில் இருந்தால் போதும். மிஞ்சியதுதான் பலகையின் உள்ளடக்கம். இந்தத் தாளைத் தவிர்த்துவிட்டு நேரே நிரலுக்குப் போனவர்களின் பலகையில் பங்குச் சந்தை நிலவரம் ஓடும், பி.ஜே. உடை இருக்காது.

நாள்காட்டிகளைப் பிரிப்பது

கூகுள் காலண்டரில் நான்கு தனி நாள்காட்டிகளைத் திறங்கள்: பிள்ளைகள், பெரியவர்கள், வீடு, விடுமுறை. முதல் மூன்றையும் துணைவரோடு பகிரும்போது மாற்றங்கள் செய்யும் அனுமதியைக் கொடுங்கள். பார்க்கும் அனுமதி மட்டும் கொடுத்துவிட்டு, “நீ ஏன் எதுவும் சேர்க்கவில்லை?” என்று கேட்பதில் நியாயமில்லை.

தலைப்பு எழுதும் முறையை முதல் நாளே பேசி முடிவு செய்யுங்கள். முதலில் ஆள், முக்காற்புள்ளி, பிறகு பொருள். “சின்னவன்: பி.ஜே. உடை”, “பாட்டி: கிளினிக், இரத்தப் பரிசோதனை, சாப்பிடக் கூடாது”. முக்காற்புள்ளிக்கு முன்னால் உள்ளதை வைத்துத்தான் நிறம் மாறும். பிள்ளைகளின் முழுப் பெயரும் பள்ளிப் பெயரும் பலகையில் வேண்டாம். குழாய் சரிசெய்ய வருபவரும் சமையலறைக்குள் வருவார். குடும்பமே வெளியூர் போகும் தேதிகளுக்கும் இதே விதி.

விடுமுறை நாள்காட்டியைக் கையால் நிரப்புங்கள். கூகுள் தரும் மலேசிய விடுமுறைப் பட்டியலில் பல மாநில விடுமுறைகளும் கலந்து வரும். கோலாலம்பூர்க் குடும்பத்துக்கு அதனால் குழப்பமே மிஞ்சும். பூச்சோங்கில் வீடு, கோலாலம்பூரில் பள்ளி என்றால் இன்னும் கவனம் தேவை. பிப்ரவரி 1 கூட்டரசுப் பிரதேச தினம், பள்ளிக்கு விடுமுறை. டிசம்பர் 11 சிலாங்கூர் சுல்தானின் பிறந்தநாள், வீட்டுக்கு அருகில் கடை அடைத்திருக்கும், கோலாலம்பூர் அலுவலகம் திறந்திருக்கும். எனவே விடுமுறைத் தலைப்பிலும் ஆள் வேண்டும்: “பிள்ளைகள்: விடுமுறை”, “அப்பா: விடுமுறை”. பள்ளித் தவணை விடுமுறைகளைக் கல்வி அமைச்சின் தக்வீமை (பள்ளி நாள்காட்டி) பார்த்துச் சேர்க்கலாம். அது மாநிலங்களைக் குழுக்களாகப் பிரிக்கிறது. கோலாலம்பூரும் பினாங்கும் பி குழுவில் வருகின்றன. தக்வீமின் பிடிஎஃப் கோப்பைத் தானாகப் படிக்கும் நிரல் எழுதத் தோன்றும். ஆண்டுக்கு ஒருமுறை அரை மணி நேரம் தட்டச்சு செய்தால் முடிகிற வேலைக்கு அது வீண்.

நாள்காட்டிக்கும் பக்கத்துக்கும் நடுவே ஒரு பாலம்

கூகுள் காலண்டர் ஒவ்வொரு நாள்காட்டிக்கும் ஒரு ரகசிய ஐகால் (நாள்காட்டிக் கோப்பு) முகவரி தருகிறது. அதை நேரே பக்கத்திலிருந்து அழைத்தால் உலாவி தடுத்துவிடும், ஒரு தளத்தின் பக்கம் வேறு தளத்தின் தரவைப் படிப்பதைக் கட்டுப்படுத்தும் கோர்ஸ் விதி அதை அனுமதிக்காது. வேறொரு சர்வர் வழியாக எடுத்தாலும், “ஒவ்வொரு செவ்வாயும் டியூஷன், ஆனால் மூன்றாவது வாரம் மட்டும் புதன்” போன்ற விதிகளை நீங்களே விரித்துக் கணக்கிட வேண்டும். புதியவர்கள் கைவிடும் இடம் இதுதான்.

அதைவிடச் சுலபமான வழி கூகுளின் சர்வரிலேயே நிரலை ஓட்டும் கூகுள் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். இதுதான் நம் பாலம். கட்டணம் இல்லை. ஒரு தேதி வரம்பைக் கொடுத்தால், திரும்பத் திரும்ப வரும் நிகழ்வுகளையும் விதிவிலக்குகளையும் அதுவே விரித்துத் தரும். இன்று தொடங்கி 8 நாளுக்குரிய நிகழ்வுகளை எடுத்து, ஜேசன் என்ற தரவு வடிவில் திருப்பி அனுப்பும் நாற்பது ஐம்பது வரி நிரல் போதும். வெப் ஆப்பாக வெளியிடும்போது “என் பெயரில் இயங்கட்டும்”, “யாரும் அணுகலாம்” என்ற இரண்டையும் தேர்ந்தெடுங்கள். யாரும் அணுகலாம் என்பதால் ஒரு சாவி அவசியம். முப்பது எழுத்துக்குக் குறையாத சீரற்ற சரம் ஒன்றை முகவரியோடு அனுப்ப வேண்டும், பொருந்தாவிட்டால் வெற்றுப் பட்டியல் திரும்ப வேண்டும்.

இங்கே மூன்று பொறிகள் உண்டு. திட்ட அமைப்பில் நேர மண்டலத்தைத் திறந்து பாருங்கள். கோலாலம்பூர் என்று இல்லாவிட்டால் மாற்றுங்கள். இரண்டாவது, நிரலைத் திருத்திச் சேமித்தால் மட்டும் போதாது. வெளியீட்டு நிர்வாகப் பக்கத்துக்குப் போய்ப் புதிய பதிப்பு என்று கொடுத்தால்தான் அதே முகவரியில் புது நிரல் ஓடும். “திருத்தியும் பழையதே வருகிறது” என்று தலையைப் பிய்த்துக்கொள்வதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மூன்றாவது பொறி தேதி. அதைச் சற்று விரிவாகப் பார்த்துவிட வேண்டும்.

தேதி ஒரு நாள் முந்துவது ஏன்?

மலேசிய நேரம் உலகப் பொது நேரமான யூடிசியைவிட 8 மணி நேரம் முன்னே. கோலாலம்பூரில் ஏப்ரல் 14 நள்ளிரவு 12 மணி என்றால் யூடிசியில் ஏப்ரல் 13 மாலை 4 மணி. முழுநாள் நிகழ்வுக்கு நேரம் கிடையாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் அதை நள்ளிரவாக எடுத்துக்கொள்ளும். அதை யூடிசி நேரத்தில் எழுதப்படும் ஐஎஸ்ஓ சரமாக மாற்றி, முதல் பத்து எழுத்தை வெட்டி எடுத்தால் சித்திரைப் புத்தாண்டு 13ஆம் தேதிக்குப் போய்விடும். தீர்வு எளிது. தேதியைத் தேதிப் பொருளாக அனுப்பாதீர்கள். ஆப்ஸ் ஸ்கிரிப்டிலேயே கோலாலம்பூர் நேரத்தைக் கொடுத்து ஆண்டு, மாதம், நாள் என்ற வெறும் சரமாக்கி அனுப்புங்கள். பக்கமும் சரத்தோடு சரத்தை மட்டும் ஒப்பிடட்டும்.

முழுநாள் நிகழ்வின் முடிவுத் தேதியிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு நாள் விடுமுறைக்கு மறுநாளே முடிவாகப் பதிவாகியிருக்கும். அந்த மறுநாள் கணக்கில் சேராது. “முடிவு தேதி வரை” என்று எழுதினால் தீபாவளி இரண்டு நாள் காட்டும். பிள்ளைகளுக்கு அதில் ஆட்சேபம் இருக்காது. “முடிவு தேதிக்கு முன்பு வரை” என்று எழுதுங்கள்.

தாத்தா பாட்டி பிறந்தநாளில் பிறந்த ஆண்டையும் வைத்து வயது காட்ட விரும்பினால் 8 மணி நேரத்தை நிரலில் கையால் கூட்டாதீர்கள். தீபகற்ப மலேசியா யூடிசியோடு 8 மணி நேர வித்தியாசத்துக்கு வந்தது 1982 ஜனவரி 1 அன்று. அதற்கு முன் ஏழரை மணி நேரம். உலாவிக்கு இந்த வரலாறு தெரியும், உங்கள் கூட்டலுக்குத் தெரியாது.

சோதனைக்கு இரண்டு தேதிகள் நன்றாக உதவும். 2026 பிப்ரவரி 1, ஞாயிறு: தைப்பூசமும் கூட்டரசுப் பிரதேச தினமும் ஒரே நாளில். இரண்டும் தெரிகிறதா, ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிறதா என்று பாருங்கள். 2026 நவம்பர் 8, ஞாயிறு: தீபாவளி. மறுநாள் திங்கள் மாற்று விடுமுறை தனி நிகழ்வாக நிற்க வேண்டும்.

பக்கம்

ஒரே எச்டிஎம்எல் கோப்பு. ஃபிரேம்வொர்க் எதுவும் வேண்டாம். மூன்று ஆண்டு கழித்து ஒரு வரியைத் திருத்தத் திறக்கும்போது நூறு நிரல் பொட்டலங்களைப் புதுப்பிக்கச் சொல்லாத ஒரே அமைப்பு இதுதான்.

திரையை மூன்றாகப் பிரியுங்கள். மேலே தேதியும் மணியும். நடுவில் பெரிய கட்டம், திரையில் பாதிக்கு மேல். கீழே அடுத்த ஐந்து நாள், சிறிய எழுத்தில். நடுக் கட்டம் காலையில் “இன்று” என்றும், இரவு 7 மணிக்குப் பிறகு “நாளை” என்றும் மாறட்டும். இந்த ஒரு மாற்றம்தான் பலகையைப் பயனுள்ளதாக்குகிறது. பி.ஜே. உடை காலை ஆறரைக்குத் தெரிந்து பயனில்லை. முந்தின இரவு, துணி இன்னும் கொடியில் இருக்கும்போது தெரிய வேண்டும்.

எழுத்துருவுக்கு நோட்டோ சான்ஸ் தமிழ், ஹிந்த் மதுரை, முக்தா மலர் மூன்றில் ஏதேனும் ஒன்று. பத்து அங்குலத் திரையில் நடுக் கட்டத்தின் எழுத்து 28 பிக்ஸலுக்குக் குறைந்தால் சாப்பாட்டு மேசையிலிருந்து படிக்க முடியாது. வரி உயரத்தை 1.5 என்று வையுங்கள். ஆங்கிலத்துக்குப் போதும் 1.2 தமிழில் மேல்விலங்கையும் கீழ்விலங்கையும் உரசவிடும். “செவ்வாய்க்கிழமை” சிறிய கட்டத்தில் நிற்காது. கிழமையைச் சுருக்கும்போது சரத்தின் முதல் எழுத்தை வெட்டினால் “செ” என்பதற்குப் பதில் “ச” வரும். ஒற்றைக் கொம்பு தனிக் குறியீடாக நிற்பதுதான் காரணம். சனியும் “ச”, செவ்வாயும் “ச” என்று ஆகிவிடும். ஏழு நாளுக்கும் சுருக்கத்தை நீங்களே ஒரு பட்டியலாக எழுதி வையுங்கள். நீண்ட தலைப்புகளை வெட்ட வேண்டுமானால் உலாவியின் செக்மென்டர் வசதி எழுத்து எழுத்தாகப் பிரித்துத் தரும்.

ஆளுக்கு ஒரு நிறம், கூடவே ஆளுக்கு ஒரு சின்னப் படமும். கண்புரை உள்ள தாத்தாவுக்கு நீலமும் பச்சையும் ஒன்றுதான். யானைக்கும் மீனுக்கும் வித்தியாசம் தெரியும். எந்தப் படம் யாருக்கு என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும். அதற்கு அரை நாள் சண்டை நடக்கும், ஆனால் அதற்குப் பிறகு அவர்களாகவே பலகையைப் பார்ப்பார்கள்.

15 நிமிடத்துக்கு ஒருமுறை பாலத்தை அழைத்தால் போதும். கிடைத்த விவரத்தை உலாவியின் உள்ளூர்ச் சேமிப்பில் எழுதி வையுங்கள். இணையம் போனால் கடைசியாகக் கிடைத்ததைக் காட்டுங்கள், ஆனால் அது பழையது என்பதை மறைக்காதீர்கள். மூலையில் “புதுப்பித்தது 6.45” என்று எப்போதும் இருக்கட்டும், இரண்டு மணி நேரம் கடந்தால் அந்த வரி சிவப்பாகட்டும். பழைய விவரத்தைப் புதியது போலக் காட்டும் பலகை, வேலை செய்யாத பலகையைவிட மோசம். அதை நம்பித் தவணைக்குப் போகாமல் விட்டால் பிறகு வீட்டில் யாரும் அதைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

“இன்று” என்பதைப் பக்கம் திறக்கும்போது ஒருமுறை கணக்கிட்டு வைத்துக்கொள்ளும் தவறு மிகப் பொது. சுவரில் உள்ள பக்கத்தை யாரும் மூடித் திறப்பதில்லை. திங்களன்று மாட்டினால் வியாழன் வரை திங்களாகவே நிற்கும். ஒவ்வொரு முறை வரையும்போதும் தேதியைப் புதிதாகக் கேளுங்கள். விடியற்காலை 3 மணிக்குப் பக்கம் தன்னைத் தானே முழுதாகப் புதுப்பித்துக்கொள்ளட்டும்.

கோப்பை கிட்ஹப் பேஜஸ் அல்லது கிளவுட்ஃபிளேர் பேஜஸில் இலவசமாக வைக்கலாம். சாவியை மட்டும் கோப்புக்குள் எழுதாதீர்கள். கிட்ஹப்பின் இலவசக் கணக்கில் பேஜஸ் வேண்டுமென்றால் நிரலை வைக்கும் களஞ்சியம் பொதுவில் இருக்க வேண்டும். பாட்டியின் கிளினிக் தவணை உலகத்துக்கே திறந்துவிடும். டேப்லெட்டில் முகவரியைத் தட்டும்போது கடைசியில் ஹாஷ் குறி போட்டு அதன் பின் சாவியை எழுதுங்கள். அந்தப் பகுதியை உலாவி சர்வருக்கு அனுப்பாது. பக்கம் அதைப் படித்துப் பாலத்துக்கு மட்டும் கொடுக்கும்.

மழை, இராகு காலம்

வானிலைக்கு அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.மை, மலேசிய வானிலை ஆய்வுத் துறையின் ஏழு நாள் முன்னறிவிப்பை இலவசமாகத் தருகிறது. காலை, பிற்பகல், இரவு என்று பிரித்து மலாய்ச் சொற்றொடராக வரும். மழை, இடியுடன் மழை, மழை இல்லை என்பவற்றுக்கு ஒரு சிறு அகராதி எழுதினால் தமிழாகிவிடும். அகராதியில் இல்லாதது வந்தால் மலாயையே அப்படியே காட்டுங்கள், வெற்றிடம் விடாதீர்கள். நாளுக்கு நான்கு முறை கேட்டால் தாராளம். பலகையில் பிற்பகல் மட்டும் இருந்தால் போதும், துணி காயப்போடுவதும் வேனிலிருந்து இறங்குவதும் அந்த நேரத்தில்தான்.

பெரியவர்கள் இராகு காலம் கேட்பார்கள். தமிழ்நாட்டு நாள்காட்டியில் உள்ள “திங்கள் 7.30 முதல் 9 வரை” என்பது சூரியன் 6 மணிக்கு உதித்து 6 மணிக்கு மறைவதாக வைத்துப் போட்ட கணக்கு. கோலாலம்பூரில் உதயம் நவம்பர் தொடக்கத்தில் 7 மணியை ஒட்டி, பிப்ரவரியில் ஏறக்குறைய 7.25. உதயத்துக்கும் அத்தமனத்துக்கும் இடைப்பட்ட நேரத்தை எட்டாகப் பிரித்து, திங்கள் 2, சனி 3, வெள்ளி 4, புதன் 5, வியாழன் 6, செவ்வாய் 7, ஞாயிறு 8 ஆவது பங்கை எடுக்க வேண்டும். உதயம் 7.15, அத்தமனம் 7.20 என்றால் திங்கள் இராகு காலம் ஏறக்குறைய 8.46 முதல் 10.16 வரை. சன்கால்க் என்ற சிறு நூலகத்துக்கு 3.14, 101.69 என்ற அட்சரேகை தீர்க்கரேகையைக் கொடுத்தால் உதயமும் அத்தமனமும் வந்துவிடும். பினாங்கு என்றால் 5.41, 100.33. சில வீடுகளில் நாள்காட்டித் தாளில் உள்ளதுதான் வழக்கம். எதைக் காட்டுவது என்பதை வீட்டுப் பெரியவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். இது நிரலர் தீர்மானிக்கும் விஷயம் இல்லை.

அமாவாசை, சஷ்டி, பிரதோஷத்தை இந்தியத் தளங்களிலிருந்து அப்படியே எடுக்காதீர்கள். அங்குள்ள நேரம் நம்மைவிட இரண்டரை மணி பின்னே. சென்னையில் இரவு 10 மணிக்கு முடியும் திதி இங்கே மறுநாள் அதிகாலை 12.30க்கு முடிகிறது. நீங்கள் போகும் கோயிலின் நாள்காட்டியைப் பார்த்துச் சேர்ப்பதே நல்லது.

டேப்லெட்டும் சுவரும்

மேசை அறையில் தூங்கும் பழைய டேப்லெட்டின் ஆண்ட்ராய்டு பதிப்பை முதலில் பாருங்கள். 7.1க்கு முந்தையது என்றால் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சேவையின் பாதுகாப்புச் சான்றிதழ் உள்ள தளங்களைத் திறக்கும்போது பாதுகாப்புப் பிழை வரலாம், ஏனெனில் அதன் வேர்ச் சான்றிதழ் அந்தச் சாதனங்களில் இல்லை. 8 அல்லது அதற்கு மேல் இருந்தால் நிம்மதி. புதிதாக எதையும் வாங்கும் முன் உறவினர் வீடுகளில் கேளுங்கள். அப்புறம் கோலாலம்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான லோ யாட் பிளாசா. ஃபுல்லி கியோஸ்க் பிரவுசர் செயலி பக்கத்தை முழுத் திரையில் நிறுத்தும். ஆள் நடமாட்டத்தைக் கேமரா வழியாக உணர்ந்து திரையை ஏற்றும், இரவில் அணைக்கும்.

பேட்டரிதான் உண்மையான ஆபத்து. இருபத்து நாலு மணி நேரமும் நூறு விழுக்காட்டில் சூடாகக் கிடக்கும் பேட்டரி காலப்போக்கில் உப்பும். டேப்லெட்டில் 80 அல்லது 85 விழுக்காட்டோடு நிறுத்தும் வசதி இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் இருபது முப்பது வெள்ளியில் ஒரு டைமர் பிளக் வாங்கி, விடியற்காலை இரண்டு மணி நேரம், மாலை இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். திரையின் விளிம்பு சட்டத்திலிருந்து தூக்கிக்கொண்டு நின்றால் அன்றே கழற்றி மின்கழிவு சேகரிப்பில் கொடுங்கள். அழுத்தியோ குத்தியோ பார்க்க வேண்டாம்.

மாட்டும் இடம்: அடுப்பிலிருந்து எண்ணெய் தெறிக்காத தூரம், மேற்கு வெயில் படாத சுவர், பூஜை மாடத்து விளக்கின் சூடும் புகையும் எட்டாத பக்கம். திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 130 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் ஏழு வயதுப் பிள்ளையும் நிமிர்ந்து படிக்கலாம், பெரியவர்களும் குனிய வேண்டியதில்லை. வாடகை வீட்டில் துளை போட முடியாதென்றால் ஒட்டுப்பட்டை. டேப்லெட்டும் தாங்கியும் சேர்ந்து ஏறக்குறைய 700 கிராம் வரலாம். உறையில் எழுதிய தாங்கும் கணக்கைப் பார்த்து, அந்த எடையைப் போல இரு மடங்கு தாங்கும் அளவுக்குப் பட்டை போடுங்கள். சுவரை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பட்டையை 30 விநாடி அழுத்தி, ஒரு மணி நேரம் காத்திருந்து பிறகு மாட்டுங்கள். துடைக்காமல் ஒட்டினால் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கில் மூன்றாம் நாள் விழும்.

வைஃபையில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைத் தேர்ந்தெடுங்கள். கான்கிரீட் சுவர் தாண்டி வர அதுதான் நல்லது. பலகைக்கு வேகம் தேவையில்லை. இடி மழை நாளில் ரூட்டர் பிளக்கைக் கழற்றும் வழக்கம் வீட்டில் இருந்தால், இணையம் திரும்பி வந்ததும் பக்கம் தானாக மறுபடி முயல்கிறதா என்று ரூட்டரை அணைத்து ஏற்றிச் சோதியுங்கள்.

ஆண்டுக்கு ஒருமுறை

டிசம்பர் பள்ளி விடுமுறையில் ஒரு மாலையை ஒதுக்குங்கள். புது ஆண்டின் பொது விடுமுறைகள், தக்வீம் தேதிகள், கோயில் நாள்காட்டி, வேன் நேரம். ரோட் டேக்ஸுக்கு ஒரு மாதம் முன்பும், கடப்பிதழுக்கு எட்டு மாதம் முன்பும் ஒரு நினைவூட்டல். பல நாடுகள் ஆறு மாதத்துக்குக் குறையாத செல்லுபடியைக் கேட்பதால் அந்த எட்டு. சாவியையும் அன்றே மாற்றிவிடுங்கள். பிறகு டேப்லெட்டைத் தாங்கியிலிருந்து எடுத்துப் பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள்; சமதளமாக இருந்தால் தூசி துடைத்துத் திரும்ப மாட்டலாம்.